கண்ணீர்ப் பை அடைப்பு: மூக்கு வழியாகச் செய்யும் டிசிஆர் ஆபரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிகிறது என்று கண் மருத்துவரிடம் போனவர்கள், "பை அடைச்சிருக்கு, மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணணும், ஈஎன்டி டாக்டரைப் பாருங்க" என்ற சீட்டோடு என்னிடம் வருகிறார்கள். கண்ணீர்ப் பையை நேராக மூக்குக்குள் திறந்துவிடும் இந்த ஆபரேஷனைத்தான் சுருக்கமாக டிசிஆர் என்கிறோம். கண்ணில் வந்த தொல்லைக்கு மூக்கில் எதற்கு ஆபரேஷன் என்ற குழப்பம் எல்லார் முகத்திலும் தெரியும். ஓபி நெரிசலில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் நோயாளிகளும் கூட வருகிறவர்களும் கேட்டவைதான்.

கண்ணில் தண்ணீர் வந்தாலே அடைப்புதானா, டாக்டர்?

இல்லை. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், கண் காய்ந்து போவதால்தான் நிறைய பேருக்குத் தண்ணீர் கொட்டுகிறது. ஏசி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர், வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் இவர்களுக்கெல்லாம் கண்ணின் மேல் படலம் சீக்கிரம் உலர்ந்து எரிச்சல் வரும். அந்த எரிச்சலை அணைக்கக் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாகச் சுரந்து தள்ளும். வயதானவர்களுக்குக் கீழ் இமை தொய்ந்து, கண்ணீர் இறங்க வேண்டிய துளை கண்ணை விட்டு விலகி நிற்கலாம். முகவாதம் வந்தவர்களுக்கு இமை சரியாக மூடாது. உள்பக்கமாக வளைந்த ஒரே ஒரு இமை முடி போதும், நாள் முழுக்கக் கண் கலங்கும். ஒவ்வாமையும் உண்டு, அதில் அரிப்பு கூடவே இருக்கும்.

அடைப்பின் அடையாளம் வேறு. பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில், கண்ணாடியின் மூக்குப்பட்டை உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, மெல்ல அமுக்கினால் கண் ஓரத்தில் சளி போல வெளியே வரும். அப்படி வந்தால் பைக்குக் கீழே அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறதே, அந்த வழிதான்.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையின் உள் ஓரத்தை லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அந்தத் துளைகளில் இறங்கி, சுமார் 10 மி.மீ. நீளமுள்ள இரண்டு சிறுகுழாய்கள் வழியாக ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துதான் கண்ணீர்ப் பைக்குள் நுழையும். பை மூக்கின் பக்கவாட்டு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. பையிலிருந்து ஒரு குழாய் எலும்புக்குள்ளேயே கீழே இறங்கி மூக்கின் அடிப்பகுதியில் திறக்கிறது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைத் தசை இந்தப் பையை இறுக்கி விடுகிறது, ஒரு சின்ன பம்ப் மாதிரி. அழும்போது மூக்கு ஒழுகுவதும் இதனால்தான்.

ஆக, கண்ணீர்ப் பைக்கும் மூக்கின் உட்புறத்துக்கும் நடுவே இருப்பது ஒரு எலும்புச் சுவரும் இரண்டு பக்கச் சவ்வும் மட்டும்தான். அந்தச் சுவரில் புதிதாக ஒரு வாசல் வைப்பதுதான் இந்த ஆபரேஷன். பழைய குழாயை யாரும் குத்தித் திறப்பதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, பையை நேராக மூக்குக்குள் திறந்து விடுகிறோம்.

அடைப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை இன்னும் நிறைய பேர் கேட்டால் நன்றாக இருக்கும். பைக்குக் கீழே அடைத்திருந்தால் மூக்கு வழி ஆபரேஷன் அருமையாகப் பலன் தரும். பைக்கு மேலே, சிறுகுழாயில் அடைத்திருந்தால் எவ்வளவு அழகாக எலும்பை எடுத்தாலும் கண்ணீர் பைக்கே வந்து சேராது. அதனால் இடம் தெரியாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாது.

முக்கியமான பரிசோதனை சிரிஞ்சிங். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, முனை மழுங்கிய மெல்லிய ஊசியைக் கீழ்த் துளைக்குள் நுழைத்து, உப்பு நீரை மெல்லச் செலுத்துவோம். வலிக்காது. கொஞ்சம் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். "தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா?" என்று கேட்போம். விழுங்குகிறார்களா என்று கழுத்தையும் பார்த்துக்கொண்டே இருப்போம். சில பெரியவர்கள் டாக்டர் மனம் நோகக் கூடாதென்று "வருது, வருது" என்று சொல்லிவிடுவார்கள்.

தண்ணீர் தொண்டைக்குப் போகாவிட்டால் அது எங்கே திரும்பி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விட்ட துளை வழியாகவே உடனே தெளிவாகத் திரும்பினால் கீழ்ச் சிறுகுழாயில் அடைப்பு. மேல் துளை வழியாக உடனே தெளிவாக வந்தால் இரண்டு குழாய்களும் சேரும் இடத்தில் அடைப்பு இருக்கலாம். ஒரு நொடி தயங்கி, பை நிரம்பி, அப்புறம் மேல் துளை வழியாகச் சளியோ சீழோ கலந்து வந்தால் பைக்குக் கீழே அடைப்பு. ஊசியை உள்ளே நகர்த்தும்போது கைக்கும் ஒரு செய்தி கிடைக்கும். பையின் உள் சுவர் வரை போய் எலும்பில் இடித்தால் "டக்" என்று கெட்டியாக நிற்கும், அதாவது சிறுகுழாய் சரியாக இருக்கிறது. ரப்பரில் குத்தியது போல மெத்தென்று நின்றால் குழாயிலேயே அடைப்பு. அந்த "டக்" கிடைத்தால் எனக்கு ஒரு நிம்மதி.

அதே நாளில் மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற, கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பேன். நடுச்சுவர் வளைவு, பாலிப் என்ற சதை வளர்ச்சி, பழைய தழும்பு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்கேன் வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். முகத்தில் அடிபட்டவர்கள், முன்பே மூக்கிலோ பையிலோ ஆபரேஷன் ஆனவர்கள், கட்டி என்று சந்தேகம் வருகிறவர்கள் இவர்களுக்கு சிடி ஸ்கேன் எடுப்போம். கண்ணீரில் ரத்தம் வந்தாலோ, வீக்கம் கெட்டியாக இருந்து கண்ணின் உள் மூலைக்கு மேல்பக்கமாக ஏறியிருந்தாலோ ஸ்கேன் இல்லாமல் நகர மாட்டோம்.

எனக்கு ஏன் வந்தது? கண்மை போட்டதாலா?

நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். அவர்களுக்கு அந்த எலும்புக் குழாய் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. உள்சவ்வு மெல்ல மெல்ல வீங்கித் தழும்பாகி மூடிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்குத் தனியாக ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது, நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

மற்ற காரணங்களும் உண்டு. விபத்தில் மூக்கெலும்பு முறிவது, நாள்பட்ட சைனஸ் நோய், தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்து. கடுமையான மெட்ராஸ் ஐ வந்து போனபின் சிறுகுழாயில் தழும்பு விழுவதும் சிலருக்கு நடக்கும்.

தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களிடம் நான் தவறாமல் ஒன்று கேட்பேன்: குளத்திலோ கண்மாயிலோ குளித்து வளர்ந்தவரா? ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒரு நோய் நம் பக்கத்திலும் இலங்கையிலும் அதிகம். தேங்கிய நீரில் குளிப்பவர்களுக்கு மூக்கில் செம்பழம் போலச் சதை வளரும், தொட்டாலே ரத்தம் வரும். அது கண்ணீர்ப் பையிலும் வரலாம். அமுக்கினால் மாவு போல மெத்தென்ற வீக்கமும் ரத்தக் கண்ணீரும் இருக்கும். அதற்கு வைத்தியமே வேறு. வழக்கமான டிசிஆர் செய்தால் நோய் பரவவும் திரும்பி வரவும் இடம் கொடுத்துவிடுவோம். பெரும்பாலும் பையையே முழுதாக எடுக்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் போனோம். "முதலில் பையைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைக்கழிக்கிறார்களா?

இல்லை, அப்பாவின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தேங்கிய பையில் கிருமிகள் குடியிருக்கும். அந்தச் சீழ் கண்ணின் மேல் கசிந்துகொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால், கிருமி கண்ணுக்குள்ளேயே போய்ப் பார்வையைப் பறிக்கும் தொற்றாக மாறலாம். அதற்காகத்தான் கண்புரை முகாமிலும் ஆபரேஷனுக்கு முன் பையை அமுக்கியும் சிரிஞ்சிங் செய்தும் பார்க்கிறார்கள்.

மிகவும் வயதானவர், உடம்பு தாங்காது, பார்வை திரும்பினால் போதும் என்றால் பையை எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. தொற்று நிற்கும். ஆனால் தண்ணீர் வடிவது நிற்காது, ஏனென்றால் வழியே இல்லை. இதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், பிறகு "ஆபரேஷன் பண்ணியும் வடியுதே" என்ற வருத்தம்தான் மிஞ்சும்.

சொட்டு மருந்திலேயே அடைப்பு கரையாதா?

பெரியவர்களுக்குக் கரையாது. ஆன்டிபயாட்டிக் சொட்டு பீளையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பி வரும். வருடக்கணக்கில் விதவிதமான சொட்டு மாற்றி மாற்றிப் போட்டவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விட வேண்டாம். அவற்றோடு கிருமியும் சேர்ந்து போகும்.

கைக்குழந்தைக்கும் தண்ணீர் வடிகிறது. அதற்கும் ஆபரேஷனா?

பதறாதீர்கள். பிறந்த குழந்தைகளுக்குக் குழாயின் கடைசி முனையில் மெல்லிய சவ்வு ஒன்று திறக்காமல் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அது தானாகத் திறந்துவிடும். அதுவரை மசாஜ். நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, சுண்டு விரலைக் கண்ணின் உள் மூலையில் வைத்து, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, நாளுக்கு மூன்று நான்கு முறை. பாட்டிகள் தோலை மட்டும் தடவிவிடுவார்கள், அது போதாது. உள்ளே இருக்கும் பை அமுங்க வேண்டும்.

ஒரு வயது தாண்டியும் சரியாகவில்லை என்றால் மெல்லிய கம்பியை விட்டுச் சவ்வைத் திறக்கும் புரோபிங் செய்வார்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் இரண்டு விஷயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பிறந்த சில நாளிலேயே கண் மூலையில் நீல நிறமாக வீக்கம் தெரிந்தால் உடனே காட்டுங்கள். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக மூடுகிறது, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ இருக்கிறது என்றால் அது கண்ணீர்ப் பை பிரச்சினையே இல்லை. பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூக்கோரம் சிவந்து வீங்கி, தொட முடியாத வலி. என்ன செய்வது?

பையில் சீழ் பிடித்திருக்கிறது. அமுக்காதீர்கள், ஒத்தடம் கொடுத்து உடைக்கப் பார்க்காதீர்கள். இந்த நேரத்தில் சிரிஞ்சிங்கும் செய்ய மாட்டோம். ஆன்டிபயாட்டிக் மாத்திரையோ ஊசியோ உடனே தொடங்க வேண்டும். காய்ச்சல், கண் பிதுங்குதல், பார்வை மங்கல், கண்ணை அசைத்தால் வலி இவற்றில் எது இருந்தாலும் அட்மிஷன்தான். தானாக உடைந்தால் கன்னத்தில் ஒரு ஓட்டை விழுந்து அது வழியாகக் கண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

வெளியே வெட்டிச் செய்வதாக இருந்தால் வீக்கம் முழுக்க வற்றும் வரை காத்திருக்க வேண்டும். மூக்கு வழியாக என்றால் அந்தச் சிவந்த தோலைத் தொடவே வேண்டாம் என்பதால், மருந்து தொடங்கிச் சீக்கிரமே பையை உள்பக்கமாகத் திறந்து சீழை இறக்கிவிட முடியும். எண்டோஸ்கோப் முறையின் பெரிய பலம் இது.

வெளியே வெட்டிச் செய்வதற்கும் மூக்கு வழியாகச் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், போகும் பாதை வேறு. 1904-இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி தோலை வெட்டிப் போகும் முறையை விவரித்தார். அதற்கும் முன்பே, 1893-இல் கால்டுவெல் என்ற அமெரிக்கர் மூக்கு வழியாகவே செய்யலாம் என்று எழுதிவிட்டார். ஆனால் அன்றைக்கு மூக்கின் ஆழத்தில் வெளிச்சமும் இல்லை, பார்க்க வழியும் இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் அந்த யோசனை தூங்கியது. 1989-இல் தென்னாப்பிரிக்காவில் மெக்டொனோவும் மெய்ரிங்கும் எண்டோஸ்கோப்பை வைத்து அதைச் செய்துகாட்டினார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வோர்மால்ட் பையை முழு நீளத்துக்கும் திறக்கும் முறையை விவரித்தார். இன்று நாங்கள் செய்வது பெரும்பாலும் அதன் வழிதான்.

வெளிவழியில் முகத்தில் சின்னத் தழும்பு விழும். உள்வழியில் தழும்பு கிடையாது, கண் சிமிட்டும்போது பையை இறுக்கும் தசையும் அறுபடாது, மூக்கில் வேறு கோளாறு இருந்தால் அதையும் அதே மயக்கத்தில் சரிசெய்யலாம். நல்ல கையில் இரண்டின் பலனும் ஏறக்குறைய சமம். உங்கள் கண் மருத்துவர் வெளிவழியில் தேர்ந்தவர் என்றால், அதைப் பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம்.

உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?

முதலில் ரத்தம் கசிவதைக் குறைக்க வேண்டும். இந்த ஆபரேஷனில் பாதி வெற்றி அதில்தான். அட்ரினலின் நனைத்த பஞ்சு நாடாவை மூக்கில் வைத்துச் சவ்வைச் சுருங்க விடுவோம். தலைப்பக்கம் சற்று உயர்த்தியிருக்கும். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை நிதானமாக வைத்திருப்பார். 4 மி.மீ. தடிமன் உள்ள எண்டோஸ்கோப் உள்ளே போனதும் எல்லாம் திரையில் தெரியும்.

மூக்கின் பக்கச் சுவரிலிருந்து தொங்கும் நடு டர்பினேட் சதைதான் எங்களுக்கு அடையாளக் கல். அது சுவரில் ஒட்டும் இடத்தைப் பார்த்துத்தான் பை எங்கே என்று கணக்கிடுவோம். பையின் உச்சி அந்த இடத்துக்கு மேலே ஏறக்குறைய 8, 9 மி.மீ. வரை போகிறது. முன்காலத்தில் இது சரியாகத் தெரியாமல் கீழேயே திறந்துவிட்டு நின்றுவிட்டதால்தான் பல ஆபரேஷன்கள் தோற்றன. பையின் கீழ்ப்பாதியை மட்டும் திறந்தால், மேலே சேரும் கண்ணீர் சரியாக இறங்காது, வாசலும் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

அதனால் சவ்வை அந்த உச்சிக்கு மேலிருந்தே கீறி, மடித்து ஒதுக்குவோம். கீழே வெள்ளையாக எலும்பு தெரியும். பின்பக்கம் இருக்கும் கண்ணீர் எலும்பு காகிதம் போல மெல்லியது, தட்டினாலே உரிந்து வரும். முன்பக்கம் மேல்தாடை எலும்பின் நீட்டம் தடித்தது. கீழ்ப்பகுதியைக் கெரிசன் பஞ்ச் என்ற கருவியால் கடித்துக் கடித்து எடுப்போம். மேலே போகப் போக எலும்பு இன்னும் தடிக்கும், பஞ்ச் பிடிக்காது. அங்கே வைரத்தூள் பதித்த பர் என்ற சுழலும் கருவி கொண்டு தேய்க்க வேண்டும். எனக்கு நேரம் அதிகம் பிடிப்பது இந்த மேல் பகுதிதான். சோம்பல் பார்த்து இதை விட்டால் நோயாளி ஒரு வருடத்தில் திரும்பி வருவார்.

எலும்பு போனதும் பை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். உதவியாளர் வெளியே கண் மூலையை விரலால் அமுக்கினால் திரையில் பை அசையும். கண்ணின் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுவோம். பையின் சுவரைக் கூடாரம் போல அது தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தக் கூடாரத்தின் மேல்தான் கத்தியை வைத்து மேலிருந்து கீழாகக் கீறுவோம். மாதக்கணக்கில் அடைந்து கிடந்த சளியும் சீழும் அந்த நொடியில் கொப்பளித்து மூக்குக்குள் இறங்கும். சில சமயம் மஞ்சளாக ஒரு சின்னக் கல்லும் கூட வரும். எத்தனை ஆபரேஷன் செய்திருந்தாலும் அதைப் பார்க்கும்போது தியேட்டரில் எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு வரும்.

கீறிய பையைப் புத்தகம் போல முன்னும் பின்னுமாக விரித்து வைக்க வேண்டும். பையின் சவ்வு விளிம்பும் மூக்குச் சவ்வின் விளிம்பும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தழும்பில்லாமல் ஆறும். நடுவில் எலும்பு வெறுமனே கிடந்தால் அங்கே சதை முளைத்து வாசலை மூடப் பார்க்கும். கடைசியாக, சிறுகுழாய் பைக்குள் திறக்கும் அந்தக் குட்டித் துவாரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும் வரை முடித்ததாகக் கணக்கில்லை. மேலிருந்து உப்பு நீர் விட்டால் அது மூக்குக்குள் தாராளமாக ஓடி வர வேண்டும். சந்தேகமான சதை இருந்தால் சிறு துண்டு பயாப்சிக்குப் போகும்.

எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

முழு மயக்கமா?

பெரும்பாலும் ஆம். முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியும் லேசான தூக்க மருந்தும் கொடுத்துச் செய்யலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கட்டாயம் சொல்லுங்கள். மறைக்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்வோம்.

மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்கிறார்கள். அதையும் செய்ய வேண்டுமா?

எண்டோஸ்கோப்பும் கருவியும் போக இடம் இருந்தால் வேண்டாம். இடமில்லை என்றாலோ, வளைவு புது வாசலை இடித்துக்கொண்டு நின்றாலோ, அதையும் சேர்த்துத் திருத்துவோம். ஏன் தேவை என்று எண்டோஸ்கோப் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

டியூப் வைப்பார்களா?

சிலருக்கு. மெல்லிய சிலிக்கோன் குழாய், மேல் துளை வழியாகவும் கீழ்த் துளை வழியாகவும் இறங்கி மூக்கில் முடிச்சிட்டு இருக்கும். பை நன்றாக விரிந்து, சிறுகுழாயும் சரியாக இருந்தால் நான் வைப்பதில்லை. சிறுகுழாய் சேருமிடம் குறுகலாக இருந்தாலோ, இரண்டாம் முறை ஆபரேஷன் என்றாலோ வைப்பேன். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஓபியிலேயே எடுத்துவிடலாம்.

கண்ணாடியில் பார்த்தால் கண் மூலையில் கண்ணாடி நரம்பு போல ஒரு துளி தெரியும். கண்ணை அழுத்தித் துடைத்தால் அது வளையமாக வெளியே வந்துவிடும். வந்தால் இழுக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டு நேராக வாருங்கள், மூக்கு வழியாக உள்ளே இழுத்துவிடுவோம்.

லேசர் என்று விளம்பரம் பார்த்தேன். அது நல்லதா?

கண்ணின் துளை வழியாக லேசர் இழையை விட்டு எலும்பில் ஓட்டை போடும் முறை இருக்கிறது. வேகமானது, ரத்தம் குறைவு. ஆனால் விழும் வாசல் சின்னது, சூட்டினால் சுற்றிலும் தழும்பும் விழும். அதனால் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். நான் பரிந்துரைப்பதில்லை.

ஆபத்து என்ன?

பொதுவாக வருவது ரத்தக் கசிவு. முதல் இரண்டு நாள் சளியோடு கலந்து வரலாம், கண்ணைச் சுற்றிக் கன்றிப் போகலாம். பையின் பின்பக்கமே கண் குழி இருப்பதால் அங்கிருக்கும் கொழுப்பு எட்டிப் பார்ப்பது உண்டு. அதைத் தொடாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. கண் தசையில் காயம், மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவது இவை மிக அரிது, ஆனாலும் சம்மதப் படிவத்தில் எழுதியிருக்கும், நானும் வாய்விட்டுச் சொல்வேன்.

வீட்டுக்குப் போன பிறகு பார்வை மங்கினாலோ, கண் பிதுங்கினாலோ, தாங்க முடியாத வலி வந்தாலோ, ரத்தம் நிற்காமல் சொட்டினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி என்றாலும் கிளம்பி வாருங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் என்ன செய்யணும்?

இங்கேதான் நோயாளியின் பங்கு. புதிதாக வைத்த வாசல் முதல் நான்கு வாரத்தில்தான் அதிகம் சுருங்கும். அந்த நாட்களில் அங்கே பொருக்கும் சளியும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூக்கை உப்பு நீரால் கழுவச் சொல்வோம். மருந்துக்கடையில் கிடைக்கும் பாக்கெட்டைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலக்குங்கள். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ, எதுவானாலும் கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விடக் கூடாது. கண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு சில வாரம். இரண்டு வாரம் மூக்கைச் சிந்த வேண்டாம், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குவது, ஜிம் எல்லாம் பிறகு. வீட்டுக்குள் லேசான வேலை மறுநாளே செய்யலாம், ஆபீஸுக்கு ஒரு வாரத்தில் போகலாம். மூக்குத்தி போட்டிருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

அப்புறம், திரும்ப வந்து காட்டுவது. முதல் வாரம், நான்காவது வாரம், மூன்றாவது மாதம் எண்டோஸ்கோப் வைத்துப் பொருக்கை எடுத்து, சதை முளைத்திருந்தால் அப்போதே அகற்றுவோம். தண்ணீர் நின்றுவிட்டதே என்று பலர் இரண்டாவது தடவைக்கு வருவதில்லை. அரும்பிலேயே கிள்ளிவிடக்கூடிய சதை அப்போதுதான் வாசலை மூடுகிறது. தயவுசெய்து வாருங்கள்.

எவ்வளவு பேருக்குச் சரியாகும்? மறுபடி அடைத்தால்?

பைக்குக் கீழே மட்டும் அடைப்பு என்றால் நூற்றுக்கு 85 முதல் 95 பேருக்கு நன்றாகிறது. மறுபடி அடைத்தால் காரணம் பார்த்து மீண்டும் மூக்கு வழியாகவே திறக்கலாம், பலன் முதல் முறையைவிடக் கொஞ்சம் குறைவு. அப்போது தழும்பைக் குறைக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நிமிடம் தடவுவதும் உண்டு.

சிறுகுழாய்களே முழுக்க மூடிப்போனவர்களுக்குக் கண் மூலையிலிருந்து மூக்குக்குள் ஜோன்ஸ் டியூப் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய் வைக்கலாம். அதை வாழ்நாள் முழுக்கப் பராமரிக்க வேண்டும் என்பதால், நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

கண் டாக்டரிடம் போகணுமா, ஈஎன்டியிடமா? சென்னையில் எங்கே?

முதலில் கண் மருத்துவர். இமை, கண் காய்வு, கண்ணீர்த் துளை எல்லாம் அவர்தான் பார்க்க வேண்டும். ஆபரேஷனைக் கண்ணீர்ப் பாதையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரும் செய்வார், ஈஎன்டி மருத்துவரும் செய்வார். இருவரும் சேர்ந்து நின்றால் ரொம்ப நல்லது. மேலே கம்பியை ஒருவர் பிடிக்க, கீழே எண்டோஸ்கோப்பை மற்றவர் பிடிப்போம்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. கையில் காசில்லை என்று யாரும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அங்கே போகலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஈஎன்டி துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் மயக்கம், டியூப், பிறகு வரும் எண்டோஸ்கோப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்த தொகையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மூக்கைச் சிந்தினால் கண் ஓரத்தில் "புஸ்" என்று காற்று வருகிறது. ஏதாவது தப்பாகிவிட்டதா?

ஒன்றும் தப்பில்லை. மூக்கிலிருந்து கண்ணுக்குக் காற்று ஏறுகிறது என்றால் கண்ணிலிருந்து மூக்குக்குத் தண்ணீர் இறங்கவும் வழி இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகச் சிந்துங்கள், ஒரு விரலால் கண் மூலையை அமுக்கிக்கொண்டால் காற்று வராது. குறட்டைக்காக இரவில் சிபாப் மெஷின் போடுகிறவர்களுக்கு இந்தக் காற்றில் கண் காய்ந்து போகலாம், அவர்கள் மட்டும் அதைச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு வரும்போது கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு மூக்குக்குள் எண்டோஸ்கோப் வைப்பேன். சில நொடிகளில் அந்த மஞ்சள் வாசலில் வழிந்து வருவதைத் திரையில் நீங்களே பார்க்கலாம்.